காற்றைக் கேட்டுக் குறித்த தேதி

பள்ளி விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிப்பதுதான் நம் வழக்கம். ராமேஸ்வரத்துக்கு அது போதாது, காற்றையும் கேட்க வேண்டும். தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்பார்கள். கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது தெற்குக் கரை கொந்தளிக்கும், வடக்குக் கரை குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். இரண்டு கடலுக்கும் நடுவே ஆட்டோவில் போகிற தூரம்தான். எந்த மாதம் போனாலும் பிள்ளைகள் கால் நனைக்க ஏதோ ஒரு கரை அமைதியாக இருக்கும். இப்படி ஒரு வசதி வேறெந்தக் கடற்கரை ஊரில் கிடைக்கும்?

*

பாம்பனில் தெரிந்த வள்ளக்காரர் ஒருவருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, மே மாசம் பிள்ளைகளோட வரலாமா?"

"தாராளமா வாங்க தம்பி. ஆனா தடைக்காலம்ல? விசைப்படகு ஒண்ணும் ஓடாது. எங்கள மாதிரி வள்ளத்துல போய்ட்டு வர்ற மீனுதான். வெல கூடத்தான் இருக்கும். கச்சான் வேற அடிக்கும், தனுஷ்கோடியில நின்னா மண்ணு கண்ணுல வந்து விழும்."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடை. மீன் முட்டையிடும் காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுப்பது நியாயம்தான், விலையைப் பார்த்து முணுமுணுப்பதில் அர்த்தமில்லை. மே மாதம் போகிறவர்கள் மீன் ஆசையைக் குறைத்துக்கொண்டு நுங்கும் பதநீரும் தேடிப் போகலாம். ராமநாதபுரம் பனைக்கு அதுதான் பருவம். குளிக்க வடக்குக் கரையில் அரியமான். படகில் போக ஆசையென்றால் தொண்டிப் பக்கம் காரங்காடு இருக்கிறது, அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு போகும்.

எங்களுக்கு ஜனவரி. பொங்கல் கழிந்து கிளம்புவதாக முடிவு.

*

நாள்காட்டியில் முதலில் அடிக்க வேண்டியது தை அமாவாசை. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசைக்கும் இதே விதிதான். அக்னி தீர்த்தத்தில் நிற்க இடம் இருக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களுக்கு உரிய நாள் அது. ஊர் பார்க்கப் போகிற நாம் விலகிக்கொள்வதே மரியாதை.

*

ரயில். சேது எக்ஸ்பிரஸ் வசதிதான், ஆனால் இருட்டோடு பாலத்தைக் கடந்துவிடும். பிள்ளைகள் பாம்பன் பாலத்தைப் பகலில் பார்க்கவேண்டும். ஆகவே பாண்டியனில் மதுரை, அங்கிருந்து காலை பாசஞ்சர். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், அதற்கப்புறம் இரண்டு பக்கமும் தண்ணீர். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப்பாலம் திறக்கும்வரை தீவுக்கு முன்பே எல்லோரும் ரயிலைவிட்டு இறங்கவேண்டியிருந்தது. பழையதில் தூக்குப்பாலம் இரண்டாகப் பிளந்து விரியும். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே செங்குத்தாக மேலேறுகிறது. கப்பல் கடக்கிற நேரம் வாய்த்தால் சாலைப் பாலத்திலிருந்து பார்க்கலாம். வாய்க்காவிட்டாலும் பரவாயில்லை.

*

அம்மாவுக்கு 22 தீர்த்தமும் ஆட வேண்டும். கடலில் முழுகிவிட்டுக் கோயிலுக்குள் கிணறு கிணறாகப் போக வேண்டும், வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். கல்தளம் முழுக்க ஈரம், வழுக்கும். கையைப் பிடித்தபடி ஒருவர் கூடவே நடக்க வேண்டும். ஈரத்துணியோடு சன்னதிக்குப் போக முடியாது, மாற்றுப் புடவை தனிப்பையில். ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலை. இரண்டையும் ஒரே காலையில் வைத்துக்கொண்டால் அம்மா தாங்கமாட்டார். தரிசனம் ஒரு நாள், தீர்த்தம் மறுநாள்.

*

தனுஷ்கோடிக்கு ஒரு முழுக் காலை ஒதுக்க வேண்டும். அரிச்சல்முனைவரை வண்டியில் போய், செல்ஃபி எடுத்து, அரைமணியில் திரும்புகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் அழிந்த ஊர் அது. பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின்மேல் பிள்ளைகளை ஏற்றி நிறுத்திப் படம் எடுக்கக்கூடாது, முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

அங்கே மணலில் தோண்டிய ஊற்றை அவசியம் காட்ட வேண்டும். இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவே கையால் பறித்த சின்னப் பள்ளத்தில் குடிதண்ணீர். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. ஆழமாகத் தோண்டினால் கரிக்கும். அதனால் பெண்கள் மேலாகவே, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டால் கலங்கிவிடும், ஊறும்வரை காத்திருப்பார்கள்.

கரைவலை இழுப்பவர்கள் இருந்தால் அதிர்ஷ்டம். இரண்டு அணி கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடந்து நடந்து கடைசியில் மடியைக் கரையேற்றுவார்கள். குறுக்கே போகாமல் ஓரமாக நிற்க வேண்டும்.

முனையில் குளிக்கக்கூடாது, நீரோட்டம் இழுக்கும். கடல் அமைதியாகத் தெரிந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். வழியில் தேங்கிய நீரில் பூநாரைகள் இந்தப் பருவத்தில் வரும். தூரத்தில்தான் நிற்கும், தம்பியிடம் பைனாகுலர் இரவல் கேட்க வேண்டும்.

*

குருசடைத் தீவு: குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகு. தென்பக்கம் என்பதால் ஜனவரிக்குத் தோது. முந்தின நாள் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

*

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கும். ஆகவே டிக்கெட் எடுப்பது நவம்பரில், புயல் மாதத்தில். ரத்து செய்தால் பணம் திரும்ப வரும் அறையாகப் பார்க்க வேண்டும். பாண்டியனில் அம்மாவுக்குக் கீழ் பெர்த். பாசஞ்சரில் முன்பதிவு கிடையாது, மதுரையில் இறங்கியதும் நான் முதலில் ஓடி இடம் பிடிக்கிறேன். இட்லிப் பொட்டலம் மனைவி பொறுப்பு.