நாலு விநாடியில் போன மஞ்சள் சட்டை

'டூர் டி பிரான்ஸ்' என்றாலே மூன்று வாரம், 21 கட்டங்களாக ஆண்கள் ஓட்டும் சைக்கிள் பந்தயம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 2022 முதல் அதே பெயரில் பெண்களுக்கும் தனிப் பந்தயம் நடக்கிறது, தெரியுமோ? 2024 ஆகஸ்ட் 18 அன்று அதன் கடைசிக் கட்டத்தை ஆல்ப்ஸ் மலையில் பார்த்தேன்.

மலையின் பெயர் ஆல்ப் டுவெஸ். அம்மாடி, 21 கொண்டை ஊசி வளைவுகள்! கீழே 21-இல் தொடங்கி மேலே 1 வரை எண் பலகைகள். தேர் பார்க்க இடம் பிடிப்பதுபோலக் காலையிலேயே குடும்பம் குடும்பமாகக் கூட்டம். நானும் ஒரு வளைவில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தேன்.

முன்னால் வந்தவர்களில் நெதர்லாந்தின் டெமி வோலரிங் இருந்தார். முந்தைய ஆண்டு ஜெயித்தவர். இந்தத் தடவை நடுவில் ஒருநாள் கீழே விழுந்து, முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையைப் பறிகொடுத்தார். அது இப்போது போலந்தின் காசியா நியெவ்யாதோமாவிடம். டெமியைவிட 75 விநாடி முன்னிலை.

"காசியா எங்கே?" என்று பக்கத்து அம்மாள் தவித்தார். ஒருவழியாக மஞ்சள் சட்டை தெரிந்தது. வாயால் மூச்சு வாங்கியபடி ஏறிப் போனார், பாவம்!

உச்சியில் டெமி முதல். காசியா 61 விநாடி பின்னால். டெமிக்கு போனஸ் 10 விநாடி வேறு. கூட்டிக் கழித்தால் காசியா கையில் மிஞ்சியது வெறும் 4 விநாடி! பந்தயம் அவருக்கே.

பொங்குகிற பாலை இறக்கி வைக்கிற நேரம்தான். ஆனாலும், விழுந்து எழுந்து மலையை ஜெயித்த டெமிக்கும் சேர்த்தே கை தட்டினேன்.