பிரேக் பைப்பும் கொஞ்சம் உப்பும்

கார் என்றால் ஷோரூமில் பணம் கட்டி ஓட்டி வருவதுதான் நமக்குத் தெரியும். இங்கிலாந்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. காரை உதிரிபாகங்களாக வாங்கி வந்து, வீட்டு கேரேஜில் தாங்களே பூட்டிக்கொள்வார்கள். இதற்குப் பெயர் கிட் கார். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இதில் ரொம்பப் பிரபலம். முழு காருக்கு இருந்த கொள்முதல் வரி, உதிரிபாகமாக வாங்கினால் கிடையாது! 1973-ல் வாட் வரி வந்ததும் அந்த லாபம் போய்விட்டது. ஆனாலும் சொந்தமாகக் கார் கட்டும் ஆசை அவர்களை விடவில்லை.

சரி, பிரேக் பைப்புக்கு வருவோம்.

அங்கே குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் காரின் அடியில் தெறித்து, பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குள்ளும், இணைப்பு நட்டுக்குப் பின்னாலும் தங்கிவிடும். எஃகு பைப் அங்கேதான் துருப்பிடிக்கும். மேலே பூச்சு நன்றாகத்தான் தெரியும். பெடலை ஓங்கி மிதிக்கும்போதுதான் பைப்புக்குள் அழுத்தம் அதிகம். ஆக, அரித்துப்போன பைப் உடைவதும் பெரும்பாலும் பிரேக் ரொம்பத் தேவைப்படும் அந்த நேரத்தில்தான்.

இதற்கு நல்ல மாற்று, சுமார் 90% செம்பும் 10% நிக்கலும் கலந்த பைப். வோல்வோ நிறுவனம் 1976-லேயே இதற்கு மாறிவிட்டது. உப்பு இதை எளிதில் அரிக்காது, கையாலேயே வளைக்கலாம்.

ஆனால் பைப்பை மாற்றினால் மட்டும் போதுமா? போதாது. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால், அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி. செம்புப் பக்கம் தப்பித்துக்கொள்ளும், எஃகு நட்டும் அலுமினியத் தகடும் கரையும். அதனால் ரப்பர் வைத்த கிளிப்பில்தான் பைப்பைப் பிடிக்க வேண்டும். நட்டை முழுதாக இறுக்கிய பிறகு, அதன் பின்பக்கம் தண்ணீர் புகாதபடி வெளியே கிரீஸ் பூசலாம். விரித்த பைப் நுனியில் மட்டும் பூசவே கூடாது. சாதாரண கிரீஸ் உள்ளே போனால் பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

உள்ளேயிருந்தும் அரிப்பு வரும். டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டிய அதன் கொதிநிலை, ஈரம் ஏறினால் 155 டிகிரி வரைகூட இறங்கலாம். இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். சிந்தினால் பெயின்டையும் உரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் துருவுக்கு நாமே வாசல் திறந்த மாதிரி.

கம்பெனி காரில் தவறு இருந்தால் கம்பெனியே திருப்பி அழைத்துச் சரிசெய்யும். கிட் காரில் பூட்டியவர்தான் கம்பெனி. நாளைக்கு அவர் அந்தக் காரை விற்கலாம். வாங்குபவர் கார் பளபளப்பதைப் பார்ப்பாரே தவிர, நட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க மாட்டார். அவருக்காகவும் சேர்த்துத்தான் இன்றைக்கு அந்தக் கொஞ்சம் கிரீஸ்.