வெயிலில் ஓடும் விளையாட்டு ஊர்தி

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாகவே ஊவாவை அடைகின்றது. ஆதலால் ஆடி, ஆவணி மாதங்களிற் பதுளைத் தோட்டங்களில் வெயிலுக்குக் குறைவில்லை. அவ்வெயிலில் சிலிக்கன் சூரியக்கலம் ஒன்று ஏறத்தாழ அரை வோல்ற் தரும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 3 வோல்ற் மோட்டர் சுழலும். 1955 இல் வில்லியம் கொப் சிக்காகோவில் ஓட்டிக் காட்டிய 15 அங்குல ஊர்தியும் 12 செலீனியக் கலங்களால் இயங்கியதே.

ஊர்தியை ஓடச் செய்தல் எளிது. தொலைவிலிருந்து ஏவலுக்குப் பணியச் செய்தலே அரிது. முகிலொன்று கதிரவனை மறைத்ததும் மின்னழுத்தம் தாழும்; ஏவலைப் பெறும் வானொலி வாங்கி செயலிழக்கும். எனவே, வெயிலைச் சேமித்து வைக்க மீள மின்னேற்றக்கூடிய கலம் ஒன்று இடையிலே வேண்டும்.

பற்றறி தீர்ந்ததும் மூலையிற் கிடக்கும் பொம்மையையே கண்ட லயத்துச் சிறுவனுக்கு, பாடசாலைக்கு ஆய்வுகூடம் வரும்வரை காத்திராமலே கிட்டும் விஞ்ஞானக் கல்வி இதுவாகும்.