அம்மாவின் கையொப்பம்

ஊரில் நொத்தாரிசு என்றால் அது ஒரு மனிதர். எங்கள் இணுவில் பக்கத்து நொத்தாரிசின் வீட்டு விறாந்தையில் ஒரு வாங்கும், மை பட்ட மேசையும் இருந்தன. உறுதி முடிக்கப் போகிறவர்கள் நல்ல நேரம் பார்த்துத்தான் போவார்கள். இரண்டு சாட்சிகள் பார்த்திருக்க, அவர் உறுதியை ஆரம்பத்திலிருந்து உரத்து வாசிப்பார். வடக்கு எல்லை யாருடைய காணி, கிணற்றில் எத்தனை பங்கு, வழிவாய்க்கால் எப்படி என்பதெல்லாம் காதில் விழுந்த பிறகே பேனை கைமாறும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் இலங்கையில் காணி கைமாறாது. கையொப்பமிடுபவரை நொத்தாரிசோ சாட்சிகளோ அறிந்திருக்கவும் வேண்டும். ஊரில் அது ஒரு பிரச்சினையே அல்ல.

சிட்னியில் எங்களை ஒருவருக்கும் தெரியாது. இங்கே எங்களை அறிந்திருப்பது கடவுச்சீட்டு மட்டும்தான்.

2011இல் ஊரிலிருந்து மச்சான் கடிதம் போட்டிருந்தான். யுத்தம் முடிந்து, பாதை திறந்து, காணி விலை ஏறிக்கொண்டிருந்த காலம். அம்மாவின் சீதனக் காணி ஆறு பரப்பு. நல்ல விலைக்கு ஆள் இருக்கிறது, அம்மா ஓர் அற்றோணித் தத்துவம் அனுப்பினால் காரியம் முடிந்தது என்று எழுதியிருந்தான். கனடாவிலிருக்கும் அண்ணரும் நானும் தொலைபேசியில் பேசி முடிவெடுத்தோம். யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி நான்கு பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பத்திரம் அனுப்பினார். அன்றிரவே குசினி மேசையில் வைத்து, “அம்மா, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ” என்றேன். வைத்தார்.

அதுதான் என் முதற் பிழை. சனிக்கிழமை நூலகத்தில் அமர்ந்திருந்த சமாதான நீதவானிடம் பத்திரத்தை நீட்டினேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, தன் கண் முன்னால் இடாத கையொப்பத்துக்குத் தான் எப்படிச் சாட்சியாவது என்று கேட்டார். வெளிநாட்டில் செல்ல வேண்டிய இப்படியான பத்திரத்துக்குத் தன்னுடைய முத்திரை போதாது என்றும் சொன்னார். நாங்கள் பலரும் குழம்புகிற இடம் இது. சமாதான நீதவான் பிரதிகளை உறுதிப்படுத்துவார், சத்தியக் கடதாசிக்குச் சாட்சியாவார், காசு வாங்கமாட்டார். வெளிநாட்டுக்கான பத்திரத்துக்கு வேண்டியவர் பிரசித்த நொத்தாரிசு. அவர் அனுபவமுள்ள சட்டத்தரணி. நியூ சவுத் வேல்சில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் அவரை நியமிக்கிறது. ஆதியில் எட்டாம் ஹென்றி காலத்து 1533ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கன்டர்பரிப் பேராயரின் மன்றம் நியமித்து வந்தது. அவர் காசு வாங்குவார்.

இலங்கைத் தூதரக அதிகாரி முன்னால் ஒப்பமிடும் வழியும் இருந்தது. அம்மா மறுத்துவிட்டார். “அந்த வாசல் நான் மிதிக்கமாட்டன்.” 83இல் எங்கள் கொழும்பு வீடு எரிந்ததை அவர் அதற்கு மேல் விளக்கவேண்டியிருக்கவில்லை.

புதிதாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பரமட்டாவில் ஒரு நொத்தாரிசிடம் போனோம். முதலில் பெயர்ச் சிக்கல். சீதன உறுதியில் அம்மா தகப்பன் பெயரோடு இருக்கிறார், கடவுச்சீட்டில் என் அப்பாவின் பெயரோடு. மூல உறுதி 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் போய்விட்டது. காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதி மட்டுமே கையிலிருந்தது. இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசி வேண்டியதாயிற்று. அப்பா உயிரோடிருந்திருந்தால் அவருடைய எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியைக் கணவன் சம்மதமில்லாமல் விற்க முடியாது என்பது 1911ஆம் ஆண்டுச் சட்டம். எனவே அப்பாவின் மரணச் சான்றிதழையும் வைத்தோம்.

பிறகு நொத்தாரிசு கேட்டார்: “உங்கள் தாயாருக்கு ஆங்கிலம் தெரியுமா?”

“நான் சொல்லுகிறேன்” என்றேன்.

“நீங்கள் கூடாது. காணியில் உங்களுக்கும் அக்கறை இருக்கிறது.”

தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். குரலைக் கேட்டால் மட்டக்களப்புப் பெண். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு முத்திரைக்காக இத்தனை நாடகமா? வேலைக்கு அரைநாள் லீவு வேறு.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. மேசையில் பத்திரம் ஒப்பமிடாமலே கிடந்தது. நொத்தாரிசு சாந்தமாகச் சொன்னார்: “உங்கள் தாயார் விற்க விரும்பவில்லை.”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“விக்கிறதெண்டு நான் எப்ப சொன்னனான்? வீடு திருத்த, வரி கட்டத்தான் எண்டு நினைச்சன். அங்கை தங்கச்சி இருக்கிறாளெல்லே?”

சின்னம்மா 90இல் மயிலிட்டியிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர். அவருடைய காணி இராணுவ வலயத்துக்குள் போய்விட்டது. அம்மாதான் எங்கள் வீட்டில் இருத்தினார். சாகுமட்டும் இரு என்று சொன்னாராம். விலை பேசியபோது எனக்கும் அண்ணருக்கும் அவருடைய நினைவே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. மச்சான் ஏதாவது ஒழுங்கு செய்வான் என்று தள்ளிவைத்தோம்.

“அம்மா, என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?”

“நீ கேக்கேல்லையே, தம்பி. அந்தப் பிள்ளை கேட்டுது.”

அந்த நான்கு பக்கத்தில் விற்க, ஈடுவைக்க, நன்கொடை கொடுக்க, குத்தகைக்குவிட என்று எல்லா அதிகாரமும் இருந்தது. நானே முழுதாக வாசித்திருக்கவில்லை. சட்டத்தரணிக்கு எழுதி, பராமரிக்கவும் வரி கட்டவும் மட்டும் அதிகாரம் தரும் வேறொரு பத்திரம் எடுப்பித்தோம். இரண்டாம் முறை போனபோது அதே மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லையே என்று அம்மாவுக்குக் குறை. தமிழில் ஒப்பமிட்டார். நொத்தாரிசு பக்கங்களைச் சிவப்பு நாடாவால் கட்டி முத்திரை குத்தினார். பிரதி எடுக்கக்கூட அந்த நாடாவை அவிழ்க்கக் கூடாது என்று எச்சரித்தார்.

பின்னர் அவுஸ்திரேலிய வெளிநாட்டமைச்சின் அத்தாட்சி, அதன் மேல் இலங்கைத் துணைத்தூதரகத்தின் முத்திரை. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு ‘அப்போஸ்தில்’ என்ற ஒரே அத்தாட்சி போதும். அவுஸ்திரேலியாவில் அது 1995இலிருந்தும், இந்தியாவில் 2005இலிருந்தும் நடைமுறையில் உண்டு. இலங்கை அப்போது அதில் சேர்ந்திருக்கவில்லை. ஆகக் கடைசியில் அம்மா மிதிக்காத வாசலைக் கடதாசி மிதித்துவிட்டு வந்தது.

இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் சொல்ல நாலு விடயம் உண்டு. பத்திரத்தை ஏற்கப்போகும் சட்டத்தரணியிடம் என்னென்ன முத்திரை வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அற்றோணித் தத்துவச் சட்டம் 2022இலும் திருத்தப்பட்டிருக்கிறது. பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முன்கூட்டியே ஒப்பமிடாதீர்கள். தாய் தகப்பனுக்கான பத்திரமென்றால் வீட்டில் வைத்து அவர்களுக்குத் தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். ஊரில் நொத்தாரிசு செய்த வேலை அதுதான்.

அம்மா 2016இல் காலமானார். கொடுத்தவரின் உயிரோடு அற்றோணித் தத்துவமும் போய்விடும். சின்னம்மா 2019இல், அந்த வீட்டிலேயே, முன்னறையில் கண்ணை மூடினார். மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுபட்டபோது ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

காணி இப்போது எங்கள் மூவருக்கும். அண்ணர் திரும்பவும் விலை விசாரிக்கிறார். மூன்று நாடுகளில் மூன்று நொத்தாரிசுகள் வேண்டும். லண்டனிலுள்ள தங்கையிடம் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஞாயிறு நான் கேட்கப் போகிறேன்.