ஒருவருக்கும் இல்லாத எண்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

எங்கள் வகுப்பில் 42 பேர் பயில்கிறோம். அவர்களுள் மேரி என்று முடியும் பெயருடையோர் 7 பேர். ஆரோக்கிய மேரி மட்டுமே இருவர். இருவருக்கும் இனிஷியலும் ஒன்றே. சிஸ்டர் "மேரி, எழுந்திரு" என்றால் ஏழு பெஞ்சுகள் கிறீச்சிடும். பெயர் என்பது அன்பினால் இடப்படுவதேயன்றி, ஆளைப் பிரித்துக் காட்டுவதற்கு அன்று போலும்!

வகுப்பறையில் இது வேடிக்கை. ஆனால் சென்ற ஆண்டு எங்கள் அம்மாச்சிக்கு நேர்ந்தது வேடிக்கையன்று. அவர்கள் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்நிலையத்துக்கு எங்கள் ஊரில் இரண்டு கிளைகள். ஒவ்வொரு கிளையும் தினமும் காலையில் 1, 2 என்று தன்போக்கில் சீட்டுக்கு எண் இடும். அன்று இரு கிளைகளிலும் 47ஆம் சீட்டு, ஒரே பெயருடைய இரு மூதாட்டியருக்குப் போயிற்று. அம்மாச்சியின் கைக்கு வந்த தாளில் சர்க்கரை மிகுதி என்றிருந்தது. நான்கு நாள் மாத்திரை விழுங்கினார்கள். ஐந்தாம் நாள் அடுப்படியில் மயங்கி விழுந்தார்கள். மறுபடி பரிசோதித்தபோதுதான் அவர்களுக்கு அந்த நோயே இல்லை என்பது தெரிந்தது. அப்படியானால் நோயில்லை என்ற தாளைப் பெற்ற அந்த இன்னொரு பாட்டி, அத்தனை நாளும் என்னென்ன சாப்பிட்டார்களோ! அதை எண்ணித்தான் அம்மாச்சி அதிகம் வருந்தினார்கள்.

இரு கிளைகளும் ஒன்றையொன்று கேளாமலே எண் இட வேண்டும். ஆயினும் எண்கள் ஒன்றாகிவிடக் கூடாது. இது நடக்கிற காரியமா? எங்கள் கணினி ஆசிரியையிடம் கேட்டேன். அவர்கள் ஆய்வகத்திலுள்ள லினக்ஸ் கணினியில் 'யூயூஐடிஜென்' என்ற கட்டளையைத் தட்டினார்கள். உடனே திரையில் ஒரு வரி தோன்றியது. 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துகளும் கலந்து 32 இடங்கள். நடுவே 4 சிறு கோடுகள். மீண்டும் தட்டினால் முற்றிலும் வேறொன்று. இதன் பெயர் யூயூஐடி. இதை உண்டாக்கும்போது கணினி எந்தப் பதிவேட்டையும் புரட்டுவதில்லை. எவரிடமும் அனுமதி கேட்பதுமில்லை. குலுக்கி எடுக்கிறது, அவ்வளவே.

எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. குலுக்கலில் ஒரே எண் இருமுறை வராதா? ஆண்டுக்கு 365 நாள்கள் இருந்தும், 23 பேர் கூடினாலே அவர்களில் இருவர் பிறந்தநாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். எங்கள் வகுப்பிலேயே அப்படி ஒரு ஜோடி உண்டு. அன்றைக்கு எங்களுக்கு இரண்டு சாக்லேட்.

ஆசிரியை கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினார்கள். இப்படிக் குலுக்கி எடுக்கக்கூடிய எண்களின் தொகை 2இன் 122ஆம் அடுக்கு. எழுதினால் 37 இலக்கம் வரும்! வினாடிக்கு 100 கோடி வீதம் ஏறத்தாழ 86 ஆண்டுகள் ஓயாமல் உண்டாக்கினால்தான், இரண்டு ஒன்றாகிவிடும் வாய்ப்பு பாதியை எட்டுமாம்.

கணினி இல்லாமலே ஒன்றைச் செய்து பார்க்க எனக்கு ஆசை. விடுமுறையில் தம்பியைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு நாணயத்தைக் கொடுத்துச் சுண்டச் சொன்னேன். அவன் "பூ", "தலை" என்று கூவக் கூவ நான் எழுதினேன். நான்கு முறை சுண்டினால் 16 விதமாக விழலாம். அதனால் நான்கு சுண்டலுக்கு ஓர் இடம் நிரம்பும். 13ஆம் இடத்தில் மட்டும் எப்போதும் 4 என்றே வரும்; இது குலுக்கி எடுத்தது என்பதற்கு அதுவே அடையாளம். 17ஆம் இடத்துக்கு இரண்டே சுண்டல். மற்ற 30 இடங்களுக்கு நான்கு நான்காக 120. ஆக மொத்தம் 122. கூலி பத்துத் தேன்மிட்டாய் என்று பேசியிருந்தோம். நடுவில் நாணயம் பீரோவுக்கு அடியில் உருண்டோடி, துடைப்பக்குச்சியால் எடுக்க வேண்டியதாயிற்று. நூறு தாண்டியதும் தம்பிக்குக் கை சலித்தது. நாணயத்தை மேலே எறியாமல் விரலாலேயே தள்ளிப் போட்டான். தலை, தலை, தலை, தலை! அவற்றை அடித்துவிட்டு மறுபடி சுண்ட வைத்தேன்.

கணினி எந்த நாணயத்தைச் சுண்டுகிறது என்று ஆசிரியையிடம் பிறகு கேட்டேன். விசை தட்டும் இடைவெளி போன்ற, முன்கூட்டிச் சொல்ல இயலாத சின்னஞ்சிறு நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைத்து அவற்றிலிருந்து எடுக்கிறதாம். அந்தக் குலுக்கல் கெட்டால் எண் எத்தனை நீளமாக இருந்தும் பயனில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அப்படி நடந்தேயிருக்கிறது. 2006இல் அதன் நிரலில் ஓரிரு வரிகளை நீக்கிவிட்டார்கள். இரகசியச் சாவிகளை உண்டாக்கும் குலுக்கல் அதனால் பழுதாயிற்று. பார்வைக்கு எல்லாம் நீளமான சாவிகளே. ஆனால் ஒரே வகைக் கணினியில், ஒரே அளவுள்ள சாவிகள் 32,768 விதத்துக்குள் அடங்கிவிட்டன. வெறும் 15 சுண்டலில் வேலையை முடித்தது போலத்தான்! 2008 மே மாதம் இது வெளியானதும், அந்தச் சாவிகளையெல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

"நீ செய்யப் பார்த்ததும் இதைத்தானடா" என்று தம்பியிடம் சொன்னேன். தனக்கு இன்னும் இரண்டு தேன்மிட்டாய் பாக்கி என்றான்.