'கேட்ச் ஆன்' தெரியுமா பாஸ்?

நீங்க திருவண்ணாமலையா? இன்டர்வியூவில் "உங்க ஊரைப் பற்றி இங்கிலீஷில் சொல்லுங்க" என்றால் என்ன சொல்வீங்க? நம்ம பசங்க பாதிப் பேர் "வெரி ஃபேமஸ் டெம்பிள் டவுன் சார்" என்பதோடு பிரேக் போட்டுடுவாங்க. அடுத்த கேள்விக்கு நாக்கு ஒட்டிக்கும். விஷயம் இல்லாமல் இல்லை பாஸ், வார்த்தைதான் கையில் இல்லை. வேலை போறது அந்த இடத்தில்தான்.

இந்த வாரம் ஒரே ஒரு வார்த்தை வெச்சுக்குங்க: 'கேட்ச் ஆன்'. ஒரு விஷயம் ஜனங்களுக்குப் பிடிச்சுப்போய், 'நாமும் செய்வோமே' என்று பரவினால் அது 'கேட்ச் ஆன்'. நடந்து முடிஞ்சிருந்தால் 'காட் ஆன்'. (கடவுள் இல்லைங்க, இது வேற 'காட்'!)

நம்ம கிரிவலத்தையே எடுத்துக்குங்க. மலையைச் சுற்றி சுமார் 14 கிலோமீட்டர், வழியில் எட்டு லிங்கங்கள். 1896-ல் இங்கே வந்த ரமணர் காலத்திலும் சுற்றினாங்க, அதற்கு முன்னாலும் சுற்றினாங்க. ஆனால், பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் கூடுவது 1990-களில் சூடு பிடித்த சங்கதி. பாதையில் ரஜினி விளக்கு போட்டுக் கொடுத்தார். 1997-ல் 'அருணாச்சலம்' வந்தது. ஊருக்கு ஊர் ஸ்பெஷல் பஸ் விட்டாங்க. நடக்க டிக்கெட் கிடையாது, ராத்திரியில் வெயிலும் கிடையாது. யாரும் உத்தரவு போடலை. தானாப் பரவிடுச்சு. அதனால் தைரியமா சொல்லுங்க: "கிரிவலம் காட் ஆன் இன் த நைன்ட்டீஸ்."

தானாப் பரவுது இல்லையா, அதனால் 'ரஜினி காட் ஆன் கிரிவலம்' என்று சொல்லக் கூடாது. 'கிரிவலம் வாஸ் காட் ஆன்' என்பதும் தப்பு. ('வாஸ் காட் ஆன் கேமரா' சரிதான். ஆனால், அது கேமராவில் மாட்டிக்கிட்ட திருடனுக்கு!) யாரிடம் பரவியது என்று சொல்லணுமா? 'வித்' போடுங்க: "இட் காட் ஆன் வித் யங் பீப்பிள்."

இன்னொரு சிக்கல், நம்ம 'பிக்கப்'. தமிழில் எதுக்கெடுத்தாலும் 'பிக்கப் ஆயிடுச்சு' என்கிறோம். இங்கிலீஷில் 'பிக் அப்' என்றால் படுத்துக் கிடந்தது எழுந்திருப்பது. பௌர்ணமியன்று டீக்கடை வியாபாரம் 'பிக்ஸ் அப்'. கிரிவலம் 'காட் ஆன்'. வித்தியாசம் புரிஞ்சுதா? புரிஞ்சுதுன்னா, "யூ காட் ஆன்!" ஆமா, 'புரிஞ்சுக்கிட்டே' என்பதற்கும் இதே வார்த்தைதான்.

"உங்க ஊரில் எது இன்னும் பரவலை?" என்று இன்டர்வியூவில் மடக்கினால் முழிக்காதீங்க. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் கிரிவலப் பாதையில் கிடக்கிற பாட்டில்களையும் கப்புகளையும் நினைச்சுக்குங்க. "கேரியிங் யுவர் ஓன் குப்பை ஹோம், சார். தட் ஹேஸ் நாட் காட் ஆன்."

குப்பைக்கு மட்டும் இங்கிலீஷ் வார்த்தை நீங்களே போட்டுக்குங்க.