பூங்காவில் யாருக்குப் பங்கு?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

நகரத்தின் நுரையீரல் பூங்கா என்பார்கள். மேடைக்கு அழகான உவமை! ஆனால் அந்த நுரையீரலின் காற்று எல்லோருக்கும் கிட்டுகிறதா? சென்ற கோடை விடுமுறையில் ஆறு வாரங்கள் இக்கேள்வியோடு சென்னையில் அலைய எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அந்த அனுபவத்தை நம் கல்லூரி மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தொண்டு அறக்கட்டளை ஒன்று கல்லூரி மாணவர் எண்மரைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையும் தந்து, இரு பணிகளை ஒப்படைத்தது. காலையில் பூங்காத் தோட்டக்காரர்களோடு வேலை. மாலையில், பூங்காவைச் சீரமைக்க நிதி கேட்டு அக்கம்பக்கத்தார் அனுப்பிய விண்ணப்பங்களை நேரில் விசாரித்து, யாருக்கு நல்கை தரலாம் என்று பரிந்துரைக்க வேண்டும். பெரியப்பா வீட்டில் தங்கினேன். "காலேஜ் படிக்கிற பொண்ணு மண்வெட்டி பிடிக்கவா பட்டணம் வந்தே?" என்று பெரியம்மா சிரித்தார்.

சென்னைப் பூங்காக்களின் கதை பழையது. ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன் காலத்தில், 1859-60இல், இன்றைய சென்ட்ரல் நிலையத்தின் அருகே 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்' உருவெடுத்தது. பெயரே மக்கள் பூங்கா. பின்னாளில் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என அந்நிலம் துண்டு துண்டாகக் கட்டடங்களுக்குப் போயிற்று. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. இன்று 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ஒவ்வொன்றிலும், சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி.

நிலம் கிடைத்தது, பராமரிக்கப் பணம்? மக்களும் பங்கு போடட்டும் என்பது ஒரு வழி. 1997இல் பிறந்து 2021இல் மீண்டும் வந்த அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். எங்கள் அறக்கட்டளையும் அதே கணக்கைக் கைக்கொண்டிருந்தது. தன் காசு போட்டவன் தன் பொருளாகக் காப்பான் என்பது இதன் தத்துவம். அது தவறும் அன்று.

என்னிடம் வந்தவை இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தினுடையது. தட்டச்சு செய்த கடிதம், வரைபடம், '8' வடிவ நடைபாதை, புதிய இரும்புக் கதவு, மூன்று இலட்ச ரூபாய் மதிப்பீடு. தங்கள் பங்குக்குக் காசோலையும் இணைத்திருந்தார்கள். கூடவே ஒரு கோரிக்கை: காலை 10 முதல் மாலை 4 வரை கதவைப் பூட்ட வேண்டும், கண்டவர்கள் வந்து படுக்கிறார்களாம். அந்தக் 'கண்டவர்'களை நண்பகலில் சென்று கண்டேன். தள்ளுவண்டிக்காரர், சுமை தூக்குவோர், வீடு வீடாய் உணவு கொண்டு செல்லும் நம் வயது இளைஞர்கள். சித்திரை வெயிலில் நிழல் தேடி வந்தவர்கள்!

இரண்டாவது, நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அமைப்பின் குடியிருப்பிலிருந்து 22 குடும்பத்தார் எழுதியது. "பூச்செடி எல்லாம் அப்பால பாத்துக்கலாம் பாப்பா. ஒரு குழாய், ரெண்டு விளக்கு, அந்தக் கக்கூஸை ரிப்பேர் பண்ணிக் குடுத்தாப் போதும். பொழுது சாஞ்சா பொம்பளைங்க உள்ளே வர முடியல" என்றார் ஓர் அக்கா. குழாய்க்கும் விளக்குக்கும் மட்டும் மதிப்பீடு 54,000 ரூபாய். பங்கு 18,000. திரட்டியதோ 1,850!

விதிப்படி அந்தத் தாள் குப்பைக்கூடைக்குப் போக வேண்டியதுதான். அன்றிரவு கணக்குப் போட்டேன். 22 வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒருவர், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், ஆறு வாரம் உழைத்தால் 264 மணி. அதாவது 33 நாள் வேலை. நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி என்றாலும் 16,500. ரொக்கத்தோடு சேர்த்தால் 18,350. மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிட்டது!

குழுக்கூட்டத்தில் கணக்கர் நியாயமாகவே கேட்டார்: "வியர்வைக்கு ரசீது ஏதம்மா? தணிக்கையில் எதைக் காட்டுவது?" வருகைப் பதிவேடு வைப்போம், தோட்டக்காரர் கையொப்பமிடட்டும் என்றேன். நெடுநேர விவாதத்திற்குப் பின் குழாய்க்கும் விளக்குக்கும் நல்கை கிடைத்தது. கழிப்பறை மாநகராட்சியின் கடமை என்று அதை விட்டுவிட்டார்கள். அக்காவிடம் அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. முதல் விண்ணப்பமும் ஏற்கப்பட்டது, பூட்டுக் கோரிக்கை மட்டும் நீங்கலாக.

பங்கு என்றால் பணம் என்று மட்டும் கொண்டால், தேவை மிகுந்தவனே முதலில் வெளியே நிற்பான். நான் கற்ற பாடம் இதுதான். நண்பர்களே! 2022இல் வகுத்த விதிகளின்படி நம் நகரங்களில் பகுதி சபைகள் உண்டு. உங்கள் தெருவின் சபை கூடும்போது சென்று அமருங்கள். பூங்காக் கதவு யாருக்காகத் திறக்கிறது, யாரைக் கண்டு மூடுகிறது என்று கேளுங்கள். எழுதத் தெரியாதவர் இருந்தால் அவருக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். நாம் கற்ற கல்விக்கு அது ஒரு சிறு பயன்.